சுமையா, நகையா

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. நர்சிங் முடித்து, கடன் வாங்கி இஸ்ரேலுக்குப் போய், ஜெருசலேமில் ஒரு வீட்டோடு தங்கி வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் இந்த வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஏஜென்ட், விசா, சம்பளம் பற்றியெல்லாம் ஊரில் கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம். 2022-ல் மூன்றே மாதத்தில் யூதர்களின் மறைஞான மரபான கபாலாவின் பெயரில் நகை, தாயத்து, ஜெபம் என்று 3,600 ஷெக்கேல் (இஸ்ரேல் பணம்) இழந்தேன். அன்றைய கணக்குக்கு 80,000 ரூபாய்க்கு மேல். பணத்தை எப்படியாவது திரும்பச் சம்பாதித்துவிடலாம். என் மகனின் வைத்தியத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது, அதுதான் இன்றும் நெஞ்சில் கிடக்கிறது. எனக்கு முன்பே யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. வெட்கம்தான் காரணம்.

மகனுக்கு அப்போது 9 வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் முதல் தடவை வலிப்பு வந்தது. மருந்து ஆரம்பித்து, கொஞ்ச நாள் ஒன்றும் இல்லாமல் இருந்து, 2022 தொடக்கத்தில் மறுபடி வந்தது. திருவனந்தபுரத்தில் நரம்பியல் டாக்டர் எம்ஆர்ஐ ஸ்கேனும், மூளை அலைகளைப் பார்க்கும் இஇஜியும் எடுத்து வரச் சொன்னார். போக்குவரத்து, தங்கல், சோதனை எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் அனுப்பு என்று வீட்டுக்காரர் சொன்னார். ஏஜென்ட் கடனுக்கு மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்த நேரம். குறைந்தபட்ச மாதக் கூலியே அப்போது 5,300 ஷெக்கேல்தான், அதிலும் பிடித்தம் போகும். ராத்திரி போனில் பிள்ளை தூங்குவதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூச்சு சரியாக வருகிறதா என்று 5,000 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணுவேன். அந்த மனநிலையில் இருக்கிற ஒரு தாயிடம் யார் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். படிப்பு, அனுபவம், விசுவாசம் எதுவும் அந்த நேரத்தில் காப்பாற்றாது. நான் ஒரு நர்ஸ், மறந்துவிடாதீர்கள்.

நான் பார்த்துக்கொண்ட அம்மாவை வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் சவ்தா என்றே கூப்பிடுவேன். எபிரேயத்தில் பாட்டி என்று அர்த்தம். மொரோக்கோவின் காசபிளாங்காவில் பிறந்தவர். வாசலில், சமையலறையில், படுக்கைக்கு மேலே என்று அவர் வீடு முழுக்க ஹம்சா தொங்கும். ஐந்து விரல் விரித்த கை. ஐந்து என்பதற்கான அரபுச் சொல்தான் ஹம்சா. அங்கே முஸ்லிம்களும் அதே கையைத்தான் மாட்டுகிறார்கள், அவர்கள் நபியின் மகள் பாத்திமாவின் கை என்பார்கள், யூதர்களில் சிலர் மோசேயின் அக்கா மிரியாமின் கை என்பார்கள். சிலதில் நடுவே ஒரு மீன் இருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் மீன்மேல் யார் கண்ணும் விழாது என்று அதற்கு யூதர்களின் பழைய மதச் சட்ட விளக்க நூலான தல்மூத் காலத்து விளக்கம் உண்டு. நம் ஊரில் கண்ணேறு என்று சொல்வதை அவர்கள் அயின் ஹாரா என்கிறார்கள். குழந்தையை அழகாக இருக்கிறது என்று சொன்ன கையோடு சவ்தா மூன்று தடவை துப்புவது போலச் செய்வார். எங்கள் மாமியாரும் அப்படியே செய்வார். அந்த வீட்டில் எனக்கு எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை, அதனால்தான் வெளியே வந்து ஒரு கடைக்காரர் அதே வார்த்தைகளைப் பேசியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று நடந்தது. ஜெருசலேமில் யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவருக்குப் போயிருந்தேன். பிரார்த்தனைச் சீட்டு எழுதிக் கல்லிடுக்கில் செருகிவிட்டு வெளியே வரும் வழியில் ஒருவர் கேட்காமலே என் இடது மணிக்கட்டைப் பிடித்துச் சிவப்பு நூல் கட்டி, ஏதோ முணுமுணுத்து, காணிக்கை என்று கை நீட்டினார். 20 ஷெக்கேல் கொடுத்தேன். இன்று யாராவது அங்கே போவதாக இருந்தால் நான் சொல்வது, நூலோடு யாராவது நெருங்கினால் கையை மடக்கிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அங்கே ஜெபிக்கக் கட்டணம் கிடையாது.

ஏப்ரலில் யூதர்களின் பஸ்கா பண்டிகை விடுமுறைக்குக் குடும்பமே வடக்கே ஸஃபேத் போனது, சவ்தாவுக்காக நானும். கலிலேயா மலைமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கல் வீடுகள், நீலம் அடித்த கதவுகள், எங்கே திரும்பினாலும் ஓவியக் கடையும் வெள்ளிக் கடையும். 16-ஆம் நூற்றாண்டில் கபாலா ஞானிகள் கூடி வாழ்ந்த ஊர் அது, அதற்காகவே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். சவ்தா மதியம் தூங்கும் நேரத்தில் எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. ஒரு நகைக் கடையில் கண்ணாடிக்குள்ளே அறுகோண நட்சத்திரம் தொங்கியதைப் பார்த்து நின்றுவிட்டேன். குமாரகோவிலுக்குப் போய்வரும் பக்கத்து வீட்டு அக்கா பூஜை அறையில் இதே கோணம் இருக்கும், நடுவில் சரவணபவ எழுதியிருக்கும். அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். நல்ல ஆங்கிலம் பேசினார். அதைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது போல இருந்தது. உட்காரச் சொன்னார், புதினா டீ கொடுத்தார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். யாருக்கோ சரியில்லை என்று நான் சொல்லவே இல்லை. அப்போது அது அற்புதமாகத் தெரிந்தது. வீட்டை விட்டு வந்து வேலை செய்கிற ஒரு பெண் தனியாகக் கடைக்குள் வந்து நகையைப் பார்த்துக் கண் கலங்கினால் ஊரில் யாருக்கோ சரியில்லை என்று யாராலும் யூகிக்க முடியும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். பைபிளில் யாத்திராகமம் 14-ஆம் அதிகாரம், செங்கடல் பிரியும் இடம், அதில் 19, 20, 21 ஆகிய மூன்று வசனங்களில் ஒவ்வொன்றிலும் எபிரேய மூலத்தில் சரியாக 72 எழுத்துகள் இருக்கின்றன. முதல் வசனத்தை நேராகவும் இரண்டாவதைத் தலைகீழாகவும் மூன்றாவதை மறுபடி நேராகவும் அடுக்கி மூன்று மூன்று எழுத்தாக எடுத்தால் கடவுளின் 72 திருநாமங்கள் வரும். கபாலாவில் இது பழைய மரபு. ஐந்தாவது நாமம் மேம், ஹே, ஷின் என்ற மூன்று எழுத்து, சுகத்துக்கானது என்பார்கள். சின்ன வயசிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்த அதிகாரம், அதற்குள் என் மகனுக்கு மருந்து ஒளிந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? வெள்ளிப் பதக்கத்தில் அந்த மூன்று எழுத்து. 540 ஷெக்கேல். ஏன் 540 என்றால், ஹாய் என்ற எபிரேயச் சொல்லுக்கு உயிருள்ளது என்று பொருள், அதன் எழுத்துகளின் எண் மதிப்பு எட்டும் பத்தும் சேர்ந்து 18, ஆகவே எல்லாவற்றையும் 18-ன் மடங்காகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். இதுவும் உண்மையான வழக்கம்தான். ஆனால் அது கல்யாணத்துக்கு, தர்மத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கொடுப்பவராக விரும்பிச் செய்வது. கடைக்காரர் விலை வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விலையையே புனிதமாக்கிவிட்டால் பேரம் பேச வாய் வராது. எனக்கு வரவில்லை.

மே மாதம் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு. ராத்திரி 11 மணிக்கு அந்தக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், வீட்டுக்காரரிடம் பேசி முடித்த உடனே. என் புத்தி அவ்வளவு தூரம் போயிருந்தது. பதக்கம் பொதுவானது, கஷ்டம் பெரிது, அதற்குப் பையன் பெயரில் கமேயா எழுத வேண்டும் என்று பதில் வந்தது. கமேயா என்றால் தாயத்து. தோல் சுருளில் எழுதி வெள்ளிக் குழாயில் அடைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது. பையன் பெயரோடு தாயின் பெயரைக் கேட்டார். யூதர்கள் நோயாளிக்காக ஜெபிக்கும்போது இன்னாரின் மகன் என்று அம்மா பெயரைத்தான் சொல்வார்கள். சவ்தா வீட்டில் நான் அதைக் கேட்டிருக்கிறேன், அதனால் நம்பிக்கை இன்னும் உறுதியானது. 1,800 ஷெக்கேல். பெரிய பஸ் நிலையத்தில் ஓர் இளைஞன் பொட்டலத்தைக் கொடுத்து ரொக்கமாக வாங்கிப் போனான். ரசீது இல்லை. அங்கே ரசீதுக்கும் கபாலா என்றுதான் பெயர், கடையில் கபாலா கொடுங்கள் என்று கேட்டு வாங்குவார்கள். பெற்றுக்கொள்வது என்ற ஒரே வினையிலிருந்து இரண்டு சொல்லும் வருகின்றன. பச்சைக் காய்கறி வாங்கினால்கூட ரசீது கேட்டு வாங்கி சவ்தா மகனிடம் கணக்குக் கொடுக்கிற நான் இதற்கு மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவநம்பிக்கை ஆகிவிடுமோ என்று பயம். நீங்கள் கேளுங்கள். ரசீது தரத் தயங்கும் இடத்தில் வாங்கவே வேண்டாம். பெயர் எழுதிச் செய்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பதைப் பணம் வாங்கிய பிறகுதான் சொல்வார்கள், அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது தவணை ஜூனில். ஸஃபேத்தில் ஒரு மகானின் கல்லறையில் பத்துப் பேர் 40 நாள் ஜெபம் செய்வார்கள், 1,260 ஷெக்கேல். அந்த 40 நாளும் வேறு எதையும் குறுக்கே கொண்டுவரக் கூடாது என்றார். மருந்தை நிறுத்தச் சொன்னாரா என்றால், இல்லை, அப்படி நேராகச் சொல்லவில்லை. புது முயற்சி எதுவும் வேண்டாம், பொறுத்திருங்கள் என்றார். நான் அதை ஸ்கேனைத் தள்ளிப்போடு என்று எடுத்துக்கொண்டேன். அவர் அதைத்தான் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் கையில் ஸ்கேனுக்குப் பணமும் இல்லை, அதனால் அந்த வார்த்தை வசதியாக இருந்தது. 'கொஞ்ச நாள் பாப்போம்' என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'பிள்ளே, டாக்டரு சொன்னது ரெண்டு மாசம் ஆச்சு' என்றார். சம்பளம் தாமதம் என்று பொய் சொன்னேன். பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் வகுப்பிலேயே வலிப்பு வந்து பெஞ்சின் விளிம்பில் விழுந்து தாடையில் நான்கு தையல். வீடியோவில் கட்டுப் போட்ட முகத்தோடு அம்மா என்றான். நான் கழுத்தில் கிடந்த குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை.

கண்டுபிடித்தது சவ்தாதான். குளிப்பாட்டிவிட்டு உடை மாற்றும்போது என் சங்கிலி அவர் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். யார் கொடுத்தது, எவ்வளவு என்று கேட்டார். தொகையைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. அவர் திட்டவில்லை. 'கபாரா, கபாரா' என்று என் தலையைத் தடவினார். உனக்கு வரும் தீங்கு என்மேல் போகட்டும் என்பது போல மொரோக்கோ யூதப் பாட்டிகள் வாய்க்கு வாய் சொல்லும் சொல் அது. அப்புறம் பேரனுக்குப் போன் செய்தார், அவன் பல்கலைக்கழகத்தில் யூதச் சிந்தனை படிப்பவன். தெருமுனைத் தொழுகைக்கூடத்து மதகுருவான ரபியையும் வரச் சொன்னார்.

ரபி வயதானவர், அவரும் மொரோக்கோ வழி. குழாயைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். இதை எழுதியவர் யார், பெயர் தெரியுமா? அவர் எழுதியது இதற்கு முன் யாருக்குக் குணமாக்கியது? மூன்று பேரைக் காட்ட முடியுமா? எனக்கு ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்தக் கேள்விகள் அவருடையவை அல்ல என்று அவரே சொன்னார். சுமார் 1,800 வருஷத்துக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் ஓய்வுநாள் சட்டம் பேசும் பகுதியில் வருகிறதாம். ஓய்வுநாளில் சுமை தூக்கி வெளியே போகக் கூடாது, ஆனால் உடையும் நகையும் சுமை ஆகாது. அப்படியானால் கழுத்தில் போட்ட தாயத்து சுமையா நகையா? தேர்ந்தவர் கையால் வந்ததென்றால் போட்டுக்கொண்டு போகலாம், நோயாளிக்கு அது நகை மாதிரி. தேர்ந்தவரிடமிருந்து வராதது வெறும் சுமை. மூன்று தடவை குணமாக்கியது தெரிந்தால்தான் நிரூபணமானது என்று தல்மூத் அளவு வைத்தது. 'உன் கழுத்தில் இருப்பது சுமை, மகளே' என்றார். ஒரு மதத்தின் பழைய நூலே இவ்வளவு கறாராகக் கேள்வி கேட்டிருக்கும்போது நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

திறந்தார். உள்ளே தோல் இல்லை, காகிதம். உண்மையான சுருள் என்றால் விலங்கின் தோலில், கிலாஃப் என்பார்கள், பயிற்சி பெற்ற எழுத்தர் கோடு கீறி மையில் கையால் எழுத வேண்டும். மை ஒரே அளவில் இராது, எழுத்துகள் கோட்டிலிருந்து தொங்கும், சாய்த்துப் பார்த்தால் மை கொஞ்சம் மேலெழும்பித் தெரியும். என்னுடையது அச்சு. மகன் பெயருக்கு விட்ட இடத்தில் மட்டும் பால்பாயிண்ட் பேனா. பதக்கத்தையும் காட்டினேன். பேரன் பார்த்துவிட்டுத் தயங்கினான். மேம், ஹே, ஷின் இருக்க வேண்டிய இடத்தில் மேம், ஹெத், ஷின் இருந்தது. ஹே எழுத்தின் இடது கால் மேல் கோட்டைத் தொடாமல் சின்ன இடைவெளி விட்டு நிற்கும், ஹெத்தில் இரண்டு காலும் மேலே ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நான் எபிரேயம் சரளமாகப் பேசுவேன், ஆனால் வாசிக்கத் தெரியாது. அங்கே வேலைக்குப் போகும் நம் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான். 22 எழுத்துதான், உயிர்க்குறி இல்லாமல் எழுத்து வடிவம் மட்டும் பழக இரண்டு வாரம் போதும், தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டி, ஒப்பந்தம், பஸ் பலகை எல்லாவற்றுக்கும் உதவும். எபிரேய எழுத்துப் பதக்கம் ஆசைப்பட்டு வாங்குகிறவர்களும் வாங்கும் முன் படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வெள்ளியும் வெள்ளி அல்ல. வெள்ளிக்கு அடிக்கும் 925 முத்திரை இருந்தது, ஆனால் முத்திரையை யாரும் அடிக்கலாம். ஜெருசலேமில் வேறொரு கடையில் உரைத்துப் பார்த்தபோது மேல் பூச்சுக்குக் கீழே பித்தளை. வாங்கிய கடையை விட்டு இன்னொரு கடையில் உரசிப் பார்ப்பது நம் ஊரில் தங்கம் வாங்கும்போது எல்லோருக்கும் தெரிந்த புத்திதானே.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். இரண்டு தடவை பதில் வந்தது, அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். ரசீது இல்லாமல் போலீசில் என்ன சொல்வது என்று நானும் விட்டுவிட்டேன். அதைத் தவறு என்று இப்போது நினைக்கிறேன், வாட்ஸ்அப் செய்திகளே சாட்சிதான், அவற்றையாவது அழிக்காமல் வைத்திருக்கலாம். கோபத்தில் அழித்தேன்.

அதற்குப் பிறகு பல வெள்ளிக்கிழமைகளில் பேரன் சமையலறையில் உட்கார்ந்து எனக்கு விளக்குவான், நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். கபாலா என்றால் பெற்றுக்கொண்டது, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்வழி வந்தது. அதன் பெரிய நூலான ஸோஹர் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்தது, அராமிய மொழி. மரபில் அதை 2-ஆம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பார் யோஹாயுடையது என்பார்கள், ஆராய்ச்சியாளர்கள் பலர் அதன் பெரும்பகுதியை ஸ்பெயினில் வாழ்ந்த மோஷே தெ லியோன் எழுதியதாகச் சொல்கிறார்கள். கடைகளில் ஜீவ விருட்சம் என்று பத்து வட்டம் போட்ட பதக்கம் விற்கிறதே, அந்தப் பத்தும் செஃபிரோத், கடவுள் தம்மை வெளிப்படுத்தும் பத்து வழி. மேலே மகுடம், கீழே ராஜ்யம், நடுவில் ஒரு பக்கம் கிருபை, எதிர்ப் பக்கம் கண்டிப்பு, இரண்டையும் சமன் செய்யும் அழகு. ஸஃபேத்தின் பெரிய ஞானி ஐசக் லூரியா, அங்கே அவரை ஆரி என்பார்கள், அந்த ஊரில் இருந்தது ஏறக்குறைய இரண்டே வருஷம். 1572-ல் கொள்ளைநோயில் இறந்தபோது வயது 38. அவர் சொன்னதைப் பெரும்பாலும் எழுதி வைத்தவர் சீடர் ஹாயிம் விட்டால். படைப்பின்போது தெய்வ ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்தன, பொறிகள் எல்லாவற்றுக்குள்ளும் சிதறிக் கிடக்கின்றன, மனிதன் செய்யும் நல்ல காரியமும் ஜெபமும் அவற்றை மீட்டு எடுக்கின்றன என்பது அவர் போதனை. தாயத்து, மந்திரம் என்கிற செய்முறைக் கபாலாவிலிருந்து விலகியிருக்கும்படி சீடர்களுக்குச் சொன்னவரும் அவரே. அவருடைய ஊரில், அவர் வழியின் பெயரைச் சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றப்பட்ட கோபத்தைவிட, அந்த மனிதருக்காக வருத்தம் வந்தது.

நான் ஆசையாகப் பார்த்த நட்சத்திரம்கூட ஆரம்பத்திலிருந்து யூத அடையாளம் அல்லவாம். பல மக்களிடமும் இருந்த ஒரு கோலம், 14-ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்து யூதர்கள் கொடியில் ஏற்றினார்கள், பொதுவான அடையாளமாகப் பரவியது இன்னும் பிந்தி. மைமோனிடிஸ் என்ற 12-ஆம் நூற்றாண்டு அறிஞர், வாசல் நிலையில் வைக்கும் மெசூசா என்ற வசனச் சுருளுக்குள் தேவதூதர் பெயர்களை எழுதுகிறவர்களைக் கண்டித்திருக்கிறார், கடவுளின் அன்பை நினைவுபடுத்த வைத்த கட்டளையைத் தங்கள் லாபத்துக்கான தாயத்தாக ஆக்குகிறார்கள் என்று. அதே சமயம் எத்தனையோ ரபிகள் கமேயா எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது, ஒரே குரலில் இல்லை. ஆகவே 'யூத மதம் இப்படிச் சொல்கிறது' என்று ஒருவர் ஒரே வாக்கியத்தில் முடித்து விலையும் சொன்னால் அங்கே நிற்க வேண்டாம்.

ஆசைப்பட்டதே தப்பு என்று நான் என்னைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் பேரன் எங்களை இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனான், சவ்தா சக்கர நாற்காலியில். ஒரு கண்ணாடிக்குள் இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள். 1979-ல் ஜெருசலேமின் ஹின்னோம் பள்ளத்தாக்கு ஓரம் ஒரு கல்லறைக் குகையில் சுருளாகக் கிடைத்தவை, சுமார் 2,600 வருஷப் பழசு, பிரித்து விரிக்கவே மூன்று வருஷம் ஆனதாம். சின்னது என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கழுத்தில் தாயத்தாகப் போட்டிருக்கலாம் என்கிறார்கள். அதில் கீறியிருப்பது எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்து ஆசீர்வாதம். 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.' எங்கள் சபையில் ஆராதனை முடிவில் போதகர் ஐயா கை உயர்த்திச் சொல்வது. நான் தமிழிலும் சவ்தா எபிரேயத்திலும் ஒன்றாகச் சொன்னோம். யாரோ ஒருவருக்குப் பயம் இருந்திருக்கிறது, அவர் மேல் அக்கறை உள்ள ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அங்கே மனசு ஆறியது.

நவம்பர் முதல் வாரம், பைபிளில் வரும் ராகேலின் நினைவு நாளை ஒட்டிப் பெத்லகேமில் இருக்கும் அவள் கல்லறைக்கு சவ்தாவோடு போனேன். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே இருக்கிற இடம், பெரும்பாலும் பஸ்ஸில்தான் உள்ளே போகிறார்கள். பெண்கள் பக்கம் ஒரே அழுகை, பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைக்கு நோய் உள்ளவர்கள். பிள்ளை பெற்றபோது வழியில் இறந்த தாய், தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள் என்று எரேமியா எழுதியவள், அங்கே போய் யார்தான் அழ மாட்டார்கள். அந்தக் கல்லறையைச் சுற்றிய சிவப்பு நூலை வெட்டிக் கட்டிக்கொள்வது வழக்கம். அதற்கும் எல்லோரும் சம்மதமில்லை, விரலில் சிவப்பு நூல் கட்டுவதை அந்நிய வழக்கம் என்று ஒதுக்கிய பழைய நூல் வரி உண்டு என்று பேரன் முன்பே சொல்லியிருந்தான். சவ்தாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் தன் நூலிலிருந்து ஒரு துண்டு வெட்டி என் கையில் முடிச்சுப் போட்டார். காசு இல்லை, 40 நாள் இல்லை. 'இதைப் பார்க்கும்போது பிள்ளைக்கு மருந்து கொடுத்தார்களா என்று போன் செய்து கேள்' என்றார். நானும் அப்படியே செய்தேன்.

உங்களில் யாராவது இப்படி ஒன்றை வாங்கி, போலி என்று தெரிந்து தூக்கிப் போட நினைத்தால், அவசரப்படாதீர்கள். என் காகிதம் அச்சுதான், ஆனாலும் அதில் கடவுளின் நான்கெழுத்துத் திருநாமம் இருந்தது என்று ரபி அதைக் குப்பையில் போட விடவில்லை. பழைய ஜெபப் புத்தகங்களை மண்ணில் புதைக்கச் சேர்த்து வைக்கும் பெட்டியில் வைத்தார், அதற்கு கெனிசா என்று பெயர். எந்தத் தொழுகைக்கூடத்திலும் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். அழகுக்காக, ஒரு நண்பர் நினைவாக, அர்த்தம் பிடித்துப்போய் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், நானே இப்போதும் ஒரு சின்ன ஹம்சா வைத்திருக்கிறேன், சவ்தாவின் மகள் கொடுத்தது. வீட்டில் ஒருவருக்கு நோய் இருக்கும் மாதத்தில் மட்டும் வாங்காதீர்கள், வாங்கினாலும் வீட்டில் மறைத்து வாங்காதீர்கள். மறைக்கத் தோன்றிய அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் ஜூலை மாதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் 'நீ அங்கே ஒத்தைக்குக் கிடந்து தவிச்சிருக்கே' என்று மட்டும் சொன்னார். சவ்தாவின் மகன் அடுத்த மாதச் சம்பளத்தை முன்கூட்டியே தந்தார். ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்தார்கள், மூளையில் ஒன்றும் இல்லை. பிள்ளை ஒரு வருஷத்தில் ஐந்து கிலோ கூடியிருந்தான், அந்த எடைக்கு ஏற்ப மருந்து கூட்டப்படாமல் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. அதுதான் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் அளவை மாற்றினார். அதன் பிறகு ஒரு தடவை லேசாக வந்தது, அப்புறம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடை பார்த்து அளவைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஜூனில் போக வேண்டும், அதற்கான பணத்தை இந்த மாதமே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.